குரக்கன் பாண் நடுவில் களியாகிறது, சாப்பிட்டபின் சீனியும் ஏறுகிறது: எங்கே பிழை?

தெமட்டகொடை_வாணி:
வணக்கம். அப்பாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு, அதனால் கடைப் பாணை நிறுத்தி வீட்டில் குரக்கன் பாண் சுடுகிறேன். குரக்கன் மா 250 கிராம், கோதுமை மா 150 கிராம், ஈஸ்ட் 2 தேக்கரண்டி, கித்துள் பாணி 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 220 மி.லீ. ஓவனில் 180 பாகை, 30 நிமிடம். மேலே வெடிக்கிறது, நடு களி மாதிரி கத்தியில் ஒட்டுகிறது. 2 துண்டு சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் பார்த்தால் சீனி 210. குரக்கனுக்கு ஜி.ஐ. (கிளைசெமிக் குறியீடு) குறைவுதானே?

மாவும்_தராசும்:
நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாணி. ஜி.ஐ. என்பது 50 கிராம் மாப்பொருள் உள்ள உணவு 2 மணித்தியாலத்தில் இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடும் அளவு. 55உம் அதற்குக் கீழும் குறைவு, 70உம் அதற்கு மேலும் அதிகம். வெள்ளைப் பாண் 75 அளவில் வரும்.

குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் உண்டு, ஆனால் மாவாக்கிவிட்டால் அதன் மாப்பொருளும் விரைவாகச் செரிக்கும். தானியம் எவ்வளவு மென்மையாக அரைபடுகிறதோ அவ்வளவு வேகம். மில்லில் கொடுக்கும்போது ரவைப் பதத்தில் அரைக்கச் சொல்லுங்கள்.

பெரிய பிழை பாணி. கித்துள் பாணியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான் (சாதாரண சீனி), சுக்ரோஸின் ஜி.ஐ. ஏறத்தாழ 65. நான்கு மேசைக்கரண்டி என்றால் 50 கிராமுக்கு மேல் சீனி. இயற்கையானது என்பதால் இரத்தத்தில் வேறு மாதிரி நடக்காது. ஈஸ்டுக்கு இனிப்புத் தேவையே இல்லை, மாவிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

போறணைப்_பக்கம்:
களி ஏன் என்று சொல்கிறேன். குரக்கனில் குளூட்டன் (மாவை இழுபடச் செய்யும் கோதுமைப் புரதம்) இல்லை, எனவே காற்றைப் பிடித்து வைக்காது. மொத்த மாவில் நாலில் ஒரு பங்குக்குள் வையுங்கோ. உங்கள் கலவையில் பாதிக்கு மேல் குரக்கன், தண்ணீரும் போதாது. அதனால்தான் மேல் வெடித்தது.

இப்படிச் செய்து பாருங்கோ: ஆட்டா மா 250 கிராம், குரக்கன் மா 75, கடலை மா 75, இசப்கோல் உமி 10, உப்பு 7, உடனடி ஈஸ்ட் 5, புளித்த தயிர் 100, தண்ணீர் 250 மி.லீ, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கடலை மாவை முதலில் சிறு தீயில் 5 நிமிடம் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கோ, இல்லாவிட்டால் பாணில் பச்சை வாடை நிற்கும்.

எல்லாவற்றையும் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கோ. தவிடும் உமியும் தண்ணீரைக் குடித்தபின்தான் குழைக்க வேண்டும். முதலில் கையில் பிசுபிசுக்கும், பயந்து மா தூவ வேண்டாம், கையை நனைத்துக்கொண்டு 8 நிமிடம் குழையுங்கோ. பிறகு ஃபிரிட்ஜில் ஓர் இரவு. மெதுவாகப் புளிக்கும்போது உண்டாகும் அமிலமும் தயிரின் புளிப்பும் செரிமானத்தைத் தாமதிக்கும், சுவையும் வரும். அவசரமென்றால் வெளியே வைக்கலாம், ஆனால் கொழும்புச் சூட்டில் 50 நிமிடத்திலேயே பொங்கிவிடும். இரட்டிப்பாகும்வரை காத்திருந்தால் ஓவனில் அமுங்கும். ஒன்றரை மடங்கு போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் நிரம்ப வேண்டும்.

200 பாகையில் 15 நிமிடம், பிறகு 180இல் 30 நிமிடம். நடுவில் வெப்பமானி 96 காட்டினால் வெந்தது. இல்லையென்றால் அடியைத் தட்டுங்கோ, வெறும் பெட்டிச் சத்தம் வரும். வெட்ட 2 மணித்தியாலமாவது பொறுங்கோ. சூட்டில் வெட்டினால் நன்றாக வெந்த பாணும் களியாகத்தான் தெரியும்.

தெமட்டகொடை_வாணி:
நன்றி, இன்று இரவே குழைக்கிறேன். எத்தனை துண்டு கொடுக்கலாம்? கூட என்ன?

மாவும்_தராசும்:
அந்த அளவில் ஏறத்தாழ 700 கிராம் பாண் வரும். 40 கிராம் துண்டில் மாப்பொருள் சுமார் 14 கிராம், வெள்ளைப் பாணில் அதே துண்டில் 20 கிராம் அளவில். எனவே காலையில் 2 துண்டு. ஜி.ஐ. குறைந்த பாணையும் ஐந்து துண்டு சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

வெறுமனே ஜாமோடு வேண்டாம். முதலில் வல்லாரைச் சம்பலோ கீரை மல்லுமோ, அடுத்து முட்டை அல்லது பருப்பு, கடைசியில் பாண். இந்த வரிசையில் சாப்பிடுவதே சீனி ஏறும் உச்சத்தைக் குறைக்க உதவும். மிஞ்சியதைத் துண்டு போட்டு உறைய வைத்து, எடுத்து டோஸ்ட் செய்யுங்கள். ஆறிய மாப்பொருளில் ஒரு பகுதி செரிக்காத வடிவாக மாறும், வித்தியாசம் சிறிதுதான்.

ஒன்று மிக முக்கியம். அப்பா இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவராயின், மாப்பொருளைக் குறைத்ததும் சீனி அளவு கீழே இறங்கலாம். நடுக்கம், வியர்வை வந்தால் உடனே 15 கிராம் சீனி தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மாத்திரை அளவை மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். புதிய பாணுக்கு முதல் மூன்று நாளும், சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாயிலிருந்து 2 மணித்தியாலத்தில் ஒரு தடவை குறித்து வையுங்கள்.