லேசர் 141, கடிகாரம் 148, கம்பம் 150: எதை நம்பி கிளப் எடுப்பது?

ஏழாம்நம்பர்:
நேற்று கோல்ஃப் ஆடும்போது ஒரே ஷாட்டுக்கு எனக்கு மூன்று தூரம் கிடைத்தது. கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) 150 யார்டு என்று காட்டும் கம்பத்தை ஒட்டிப் பந்து கிடந்தது, கை நீட்டினால் தொடலாம். கைக்கடிகார ஜிபிஎஸ் 148 காட்டியது. லேசர் தூரமானியை எடுத்துக் குழியில் நிற்கும் கொடியைப் பிடித்தேன், 141. என் 7 அயர்ன் (ஒரு கிளப், அதாவது மட்டை) பயிற்சித் திடலான ரேஞ்சில் 145 போகும். பல மாதமாகப் பார்த்து வைத்த கணக்கு அது. அதனால் 7 அயர்னையே எடுத்தேன். நன்றாகத்தான் பட்டது, ஆனால் பந்து கிரீனைத் தாண்டிப் பின்னால் இருந்த புதருக்குள் போய்விட்டது.

ஒரே இடத்தில் நின்று அளந்து 9 யார்டு வித்தியாசம் வந்தால் இந்தக் கருவிகளை எதற்கு நம்ப வேண்டும்? இதில் எது பொய்?

லேசர்பிரியன்:
எதுவும் பொய் இல்லை நண்பரே. மூன்றும் வெவ்வேறு இடத்துக்கு அளந்திருக்கின்றன. கம்பத்தின் 150 பொதுவாக கிரீனின் நடுவுக்கு. கடிகாரம் பெரிதாகக் காட்டும் எண்ணும் நடுவுக்குத்தான். லேசர் மட்டும் கொடிக்கு. குழி அன்று நடுவிலிருந்து 9 யார்டு முன்னால் வெட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கடிகாரத்தின் 2 யார்டு பிசகு அதன் வழக்கமான பிசகு.

லேசர் ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 150 யார்டு தூரத்துக்குப் போய்வர ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. அதில் சுமார் 6 நானோ விநாடி பிசகினால்தான் ஒரு யார்டு தப்பும். நல்ல கருவிகள் ஒரு யார்டுக்குள் நிற்கின்றன. இதற்கு மேல் துல்லியம் கோல்ஃபில் யாருக்கும் தேவையில்லை. உங்கள் ஷாட் தப்பியதற்கு லேசரைக் குறை சொல்லாதீர்கள்.

வானக்கோள்:
கொடியைப் பிடித்தால்தானே அந்த ஒரு யார்டு! கொடிக்கம்பம் இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது. 180 யார்டில் நிற்கும்போது கை ஒரு டிகிரி நடுங்கினால் பார்வை 3 யார்டு பக்கவாட்டில் போய்விடும். கொடிக்குப் பின்னால் மரம் இருந்தால் மரத்தைப் படித்துக்கொண்டு வரும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிரீன் இருந்தால் லேசர் வெறும் பொம்மை.

என் கடிகாரம் மூன்று எண் தருகிறது: முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு. ஏழாம்நம்பர் சாருக்கு நேற்று தேவைப்பட்டது அந்த மூன்றாவது எண். பின்விளிம்பு எத்தனை என்று பார்த்தீர்களா?

ஏழாம்நம்பர்:
பார்க்கவில்லை. கடிகாரம் அந்தச் சுற்றைச் சேமித்து வைத்திருக்கிறது, இப்போது பார்த்தேன். முன்விளிம்பு 134, பின்விளிம்பு 162.

லேசர்பிரியன்:
சரி, மரத்தைப் படிக்கும் சிக்கல் உண்டு. அதற்குத்தான் மூன்று முறை அளக்க வேண்டும், மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம். கொடியைப் பிடித்ததும் அதிரும் கருவிகளும் இருக்கின்றன. கொடியின் உச்சியில் பிரதிபலிப்பான் வைத்த மைதானங்களில் இந்தப் பேச்சே இல்லை.

ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். திறந்த வானத்தின் கீழ் சாதாரண கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். 5 மீட்டர் என்றால் ஐந்தரை யார்டு, ஏறக்குறைய அரை கிளப், அதாவது ஒரு கிளப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூர வித்தியாசத்தில் பாதி. போதாததற்கு, கடிகாரத்தில் இருக்கும் வரைபடம் என்றைக்கோ வரைந்தது. கிரீனைத் திருத்திக் கட்டியிருந்தால் உங்கள் 'நடு' வேறு எங்கோ இருக்கும்.

புல்தரை:
மைதானப் பராமரிப்பில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. நீங்கள் இருவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள், தரையில் எழுதியிருப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. தரையில் பதித்த நீர்த் தெளிப்பான் மூடிகளில் பொறித்த தூர எண் பெரும்பாலும் கிரீனின் நடுவுக்கு. ஆனால் முன்விளிம்புக்கு அளந்து பொறித்த மைதானங்களும் உண்டு. முதல் தடவை விளையாடப் போனால் இதைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்காதவருக்கு ஒரு கிளப் முழுதாகத் தப்பும்.

ஸ்கோர் அட்டையில் ஒரு குழிக்கு 380 யார்டு என்று இருக்கும். அது நிலையான அளவுக்கல்லிலிருந்து, ஆடும் பாதை வழியே கிரீனின் நடு வரை. நாங்களோ புல் தேயாமல் இருக்க முதல் அடி அடிக்கும் இடத்தைக் காட்டும் டீ குறிகளை நாள்தோறும் முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். குழியையும் மாற்றுகிறோம். அட்டையின் 380 ஒரு நாள் 365, இன்னொரு நாள் 392. அட்டையில் தப்பில்லை, அதை இன்றைய தூரம் என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

நெடுங்கோடு:
சின்ன விஷயம். ஒருமுறை இரவல் கடிகாரத்தோடு ஆடினேன், அது மீட்டரில் இருந்தது தெரியவில்லை. 150 மீட்டர் என்றால் 164 யார்டு. எல்லாக் குழியிலும் பந்து முன்னாலேயே விழுந்தது, ஐந்தாவது குழியில்தான் புரிந்தது.

பாய்க்கணக்கு:
இதுவரை பேசியது பாதிதான். மறுபாதி ஏழாம்நம்பரின் முதல் பதிவிலேயே இருக்கிறது, ஒருவரும் கைவைக்கவில்லை. "ரேஞ்சில் 145 போகும்" என்கிறார். அந்த 145 எங்கிருந்து வந்தது?

அடுத்த முறை கூடையிலிருந்து ஒரு ரேஞ்ச் பந்தை எடுத்து உங்கள் பையில் இருக்கும் பந்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பந்தின் மேலுள்ள சின்னக் குழிகளின் விளிம்பு மழுங்கி, விரலில் வழவழப்பாக இருக்கும். பூச்சு பெயர்ந்திருக்கும், கோடு அழிந்திருக்கும். காற்றில் பந்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் குழிகள்தான். சில ரேஞ்சுகளில் வேண்டுமென்றே குறைவாகப் பறக்கும் பந்தை வைக்கிறார்கள், வேலிக்கு வெளியே போகக் கூடாது என்று.

அப்புறம் அந்தப் பலகைகள். 150 என்று எழுதியிருக்கிறது, எந்த மேடையிலிருந்து 150? புல் ரேஞ்ச் என்றால் அடிக்கும் கோடு தினமும் நகரும், பலகை நகராது. ஓரத்து மேடையில் நின்றால் கோணம் வேறு. புல்லுக்குப் பதில் விரித்த பாய் இன்னும் மோசம். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் பட்டாலும் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடிக்கும். அதே ஷாட் புல்லில் மண்ணில் புதையும்.

கொடிக்கு ஒரு யார்டு துல்லியம், நம் கிளப்புக்கோ பத்து யார்டு மூட்டம். லேசர்பிரியன் பெருமையாகச் சொல்லும் 6 நானோ விநாடி இந்த மூட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது.

லேசர்பிரியன்:
நீங்கள் சொல்வது பழைய ரேஞ்ச். இப்போது ரேடாரும் கேமராவும் வைத்த ரேஞ்சுகளில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேரி (பந்து காற்றில் பறந்து முதலில் விழும் தூரம்) திரையில் வருகிறது. பலகையைப் பார்த்து யார் கணக்கிடுகிறார்கள்?

பாய்க்கணக்கு:
கருவி நல்ல கருவிதான், அந்தப் பந்து என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. உங்கள் பந்து என்ன செய்திருக்கும் என்று திரை காட்டினால், அது அளவு இல்லை, மாற்றிப் போட்ட கணக்கு. சின்ன இடத்தில் வலைக்குள் அடிக்கும்போதும் அப்படியே: பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி இவற்றைப் பிடித்து மீதியைச் சூத்திரத்தால் வரைகிறார்கள். சுழற்சியைச் சரியாகப் பிடிக்காத கருவியில் கேரி ஊகம்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரையில் வருவது எல்லாமே அளந்தது என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

கேடிஅனுபவம்:
ஏழாம்நம்பர் தம்பி, அந்த கிரீன் உங்களுக்குக் கீழே இருந்ததா, மேலேயா?

ஏழாம்நம்பர்:
கீழேதான் அண்ணா. நல்ல இறக்கம், 8 யார்டாவது இருக்கும்.

கேடிஅனுபவம்:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. லேசர் சாய்வாக அளக்கிறதே, அதில்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. 141 யார்டு சாய்வில் 8 யார்டு இறக்கம் என்றால் நேர்க்கிடைத் தூரம் கால் யார்டுதான் குறையும். விஷயம் பந்து இறங்கும் கோணத்தில் இருக்கிறது. 7 அயர்ன் பந்து ஏறக்குறைய 45 டிகிரியில் இறங்கினால், தரை ஒரு யார்டு தாழ்ந்திருக்க பந்து ஒரு யார்டு கூடுதலாக முன்னே போகும். 8 யார்டு இறக்கத்துக்கு 8 யார்டு. உங்கள் 145 அங்கேயே 153 ஆகிவிட்டது. பாய்க்கணக்கு சொல்கிற ரேஞ்ச் பந்துக் குறைவையும் சேர்த்து, விழுந்தபின் ஓடியதையும் சேர்த்தால் 162 தாண்டாமல் என்ன செய்யும்?

லேசரில் ஸ்லோப் வசதியை (ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்ப்பது) போட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். ஆனால் போட்டியில் ஸ்லோப் கூடாது. கோல்ஃப் விதி 4.3-இன்படி 2019 முதல் தூரம் அளப்பது பொதுவாக அனுமதி, ஏற்ற இறக்கத்தை அளப்பது மீறல். ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) முதல் தடவைக்கே இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் தூரக்கருவி அனுமதித்தபோதும் ஸ்லோப்பை அனுமதிக்கவில்லை. ஆகவே கண்ணால் இறக்கத்தை மதிப்பிடப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏழாம்நம்பர்:
எல்லாருக்கும் நன்றி. பாய்க்கணக்கு எழுதியதைப் படித்ததும் மனம் கேட்கவில்லை. இன்று மாலை மைதானம் காலியாக இருந்தது, அனுமதி வாங்கிக்கொண்டு சமதளமான குழி ஒன்றில் என் சொந்தப் பந்து பத்தை 7 அயர்னால் அடித்தேன். அப்புறம் அடித்த இடத்தில் பையை நிறுத்திவிட்டு நடந்துபோய், ஈரப் புல்லில் பந்து குத்திய தடங்களைத் தேடினேன். ஒவ்வொரு தடத்தின் மேலும் நின்று லேசரால் பையைப் பிடித்தேன். ஒன்பது தடம் கிடைத்தது. குறைந்தது 138, அதிகம் 157, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 151.

காற்று இல்லை. இந்த 151 வெறும் கேரி, ஓட்டம் சேராது.

லேசர்பிரியன்:
பார்த்தீர்களா, கடைசியில் அளந்து கொடுத்தது லேசர்தான். ரேஞ்ச் பந்து பற்றி பாய்க்கணக்கு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நானும் இந்த வாரம் இப்படியே செய்யப்போகிறேன். ஆனால் குறிப்பேட்டில் 151 என்று எழுதாதீர்கள். 138 நன்றாகப் படாத ஷாட், அதைத் தள்ளுங்கள். நன்றாகப் பட்டவற்றின் சராசரியை எழுதுங்கள்.

பாய்க்கணக்கு:
அங்கேதான் உடன்படமாட்டேன். 138-ம் அவர் அடித்ததுதான். முன்னால் தண்ணீர் இருக்கும் கிரீனுக்கு அடிக்கும்போது அந்த ஷாட் வராது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? மூன்றையும் எழுதுங்கள்: 138, 151, 157. தண்ணீர் முன்னால் என்றால் முதல் எண், புதர் பின்னால் என்றால் கடைசி எண்.

வானக்கோள்:
முன், நடு, பின். அதைத்தான் நானும் சொன்னேன். ஒன்பது பந்து போதாது, இன்னொரு மாலை இன்னும் இருபது அடித்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.