தீவுக்குப் போனபோது எங்கே தங்கினீர்கள்? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

திருத்துறைப்பூண்டி விவசாயி:

திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூரில் மாறினால் இந்தோனேசியாவின் பாலித் தீவு. நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் போகிறார்கள். சுற்றிப் பார்ப்பதற்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, நான் அந்த ஊர்த் தண்ணீருக்கும் வயலுக்கும் கேடு செய்யாத தங்குமிடம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'வயல் நடுவே வில்லா' என்று ஒரு படம் வரும். பச்சைப் பயிர், நடுவில் நீச்சல் குளம். தெரிந்த குடும்பம் பாலியில் சாங்கு என்ற ஊர்ப் பக்கம் அப்படி ஒன்றில் தங்கியிருந்ததால் பார்க்கப் போனோம். படத்தில் இருந்த வயல் இருந்தது, அந்த ஒரு துண்டு மட்டும். சுற்றிலும் மதில். வாய்க்கால் மதிலோரமாக வந்து ஒரு குழாய்க்குள் புகுந்து காணாமல் போகிறது. கீழே இருந்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நஞ்சையை பிளாட் போட்டால் வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் என்ன ஆகும் என்று பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். நாளைக்கு அடுத்த வயலும் வில்லாவுக்குக் குத்தகை போகும், அதற்கும் 'வயல் நடுவே' என்றுதான் விளம்பரம் வரும்.

அங்கே சுபக் என்று ஒரு பாசன முறை, ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 2012ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே ஊற்றில் அல்லது மதகில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு என்று பேசி முடிவு செய்கிறார்கள். ஊற்றுக்கும் மதகுக்கும் கோயில் உண்டு, கூட்டமும் பூஜையும் அதை வைத்துத்தான். வாய்க்காலில் குறுக்கே ஒரு கட்டை, அதில் வெட்டிய பள்ளங்கள். பள்ளத்தின் அகலம்தான் அவரவர் பங்கு. மதகு திறந்து மூட லஸ்கரும் (பாசனப் பணியாளர்) வேண்டாம், ஷட்டர் சாவியும் வேண்டாம். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், வீட்டில் திட்டு.

நாங்கள் தங்கியது கிழக்கே சிடெமென் பள்ளத்தாக்கில், ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய அறையில். புக் பண்ணுவதற்கு முன்பு வாட்ஸ்அப்பில் கேட்டது இவ்வளவுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, இந்த இடம் முன்பு வயலா, நீச்சல் குளம் உண்டா. ஊற்றுத் தண்ணீர், செப்டிக் டேங்க், பழைய வீட்டு மனைதான், குளம் இல்லை என்று ஒழுங்காகப் பதில் வந்தது. வேறொரு விடுதியில் இதே கேள்விகளுக்கு மூங்கில் ஸ்ட்ராவின் போட்டோவை அனுப்பினார்கள். ஸ்ட்ரா நல்லதுதான். நான் கேட்டது செப்டிக் டேங்க்.

இன்னொன்று, மாதம். பாலியில் கூட்டம் நெரிவது ஜூலை, ஆகஸ்டில். அதுதான் மழையில்லாத காலம். வயலுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் தண்ணீர் குறையும் நேரத்தில்தான் விடுதி போர்வெல்கள் முழு வேகத்தில் ஓடும். மே மாதம் போய் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கிறார்களோ இல்லையோ, அதற்குள் திரும்பிவிடலாம். நமக்கும் வேலை குறைவான நேரம்.

வேதாரண்யம் டீச்சர்:

அண்ணே சொல்லும் சீசன் கணக்கு அந்தமானுக்கும் பொருந்தும். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம், மழை கிட்டத்தட்ட இல்லாததும் அப்போதுதான். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கும். போர்வெல்லை ஆழமாக இறக்கி வேகமாக இழுத்தால் என்ன வரும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும்.

நாங்கள் நீல் தீவில் (2018லிருந்து ஷஹீத் தீவு) ஒரு வங்காளக் குடும்பத்தின் இடத்தில் தங்கினோம். தீவே காய்கறித் தோட்டம் மாதிரிதான், சாப்பாட்டுக்கு வந்ததில் பாதி பின்கட்டில் பறித்தது. மழைநீர்த் தொட்டி இருந்தது, வாளிக் குளியல்தான். ஏசி கிடையாது. அந்தமானில் மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுவது, அந்த டீசலும் கப்பலில் வர வேண்டும். மின்விசிறி போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். பிள்ளைகள் முதல் ராத்திரி புலம்பினார்கள்.

கடற்கரையில் பெயரிலேயே 'எக்கோ' வைத்த ஒரு விடுதி இருந்தது. கடல் வற்றிப் பவளப்பாறை தெரியும் நேரத்தில் நடந்து போனால், மணலுக்கடியிலிருந்து அதன் கழிவுக் குழாயும் தெரிந்தது. அதனால் நான் சொல்வது, காசு கட்டும் முன் முடிந்தால் ஒரு முறை பின்பக்கம் சுற்றி வாருங்கள்.

கும்பகோணம் தம்பி:

எல்லாம் சரி. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது. வாளிக் குளியல் எங்களுக்குச் சரிப்படாது. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று பச்சை முத்திரை இருக்கும் ஹோட்டலாகப் பார்த்துப் போட்டால் போதாதா?

நாகூர்க்காரர்:

முத்திரையில் இரண்டு வகை உண்டு தம்பி. புக்கிங் தளமே ஒட்டுவது ஒன்று. புக்கிங்.காம் அப்படி ஒன்று வைத்திருந்தது. அது ஆட்களைத் தவறாக நினைக்க வைக்கலாம் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சொன்ன பிறகு 2024ல் எடுத்துவிட்டார்கள். மற்றது வெளியாள் நேரில் வந்து பார்த்துக் கொடுப்பது: கிரீன் குளோப், எர்த்செக் மாதிரி. அது இருந்தால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் சின்னக் குடும்ப விடுதிகளுக்கு அந்தச் செலவு கட்டாது, இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

மாலத்தீவில் 2009 வரைக்கும் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த முடியாது, ரிசார்ட் தீவுகள்தான். இப்போது மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளில் நிறைய இருக்கின்றன. காசு அந்த ஊரிலேயே நிற்கிறது. மது கிடையாது, உடையில் கட்டுப்பாடு உண்டு, எங்கள் குடும்பத்துக்கு அது வசதியாகவே இருந்தது. மாசிக்கருவாடு பிறந்த ஊர், மீன் சாப்பாட்டைச் சொல்ல வேண்டாம். ஏசியும் உண்டு தம்பி.

தண்ணீர் மட்டும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயில் அந்தச் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் போனது நினைவிருக்கலாம். குப்பைக்கு திலாஃபுஷி என்று ஒரு தீவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு என் மனைவி கொண்டுபோன ஷாம்பு பாக்கெட் உறைகளைக்கூடப் பையில் போட்டு நாகூருக்கே எடுத்து வந்தாள். இங்கே வந்து அது எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:

தம்பி, சிடெமெனில் படிக்கட்டு அதிகம், அப்பாவுக்கு ஆகாது. பாலியிலேயே உபுத் பக்கம் பழைய வீட்டு வளாகத்துக்குள்ளேயே தரைத்தளத்தில் ஏசி அறை விடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. ஏசி வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது நிறுத்துங்கள். நீச்சல் குளம் உள்ள இடத்தைத் தவிர்த்தாலே பெரிய விஷயம். மேற்கத்திய கழிப்பறை உண்டா என்று முன்பே கேட்டு, போட்டோ வாங்கிவிடுங்கள்.