நீலகிரி சாலையோர மண்சரிவுப் புள்ளிகள்: போஸ்ட்ஜிஐஎஸ் (வரைபடத் தரவுக்கான தரவுத்தள நீட்சி) வினவல் மிக மெதுவாக ஓடுகிறது

குன்னூர்_வரைபடம்:
சாலைக் கோடுகளும் மண்சரிவுப் புள்ளிகளும் 4326-இல் (அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியில் தரும் ஆயமுறை) உள்ளன. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள புள்ளிகள் வேண்டும். எஸ்டி_பஃபர் போட்டு, அதாவது சாலையைச் சுற்றி 200 அகலப் பட்டை வரைந்து, வெட்டிப் பார்க்கிறேன். நிமிடக்கணக்கில் ஆகிறது, விடையும் சரியில்லை. என்ன செய்யலாம்?

கோத்தகிரி_நிரல்:
4326-இல் தூரம் டிகிரியில் வரும். 200 என்றால் 200 டிகிரி. எல்லாப் புள்ளியும் உள்ளே வந்துவிடும். நீலகிரி இருப்பது மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையின் 43 வடக்கு மண்டலம், அதன் எண் 32643. இரண்டு அட்டவணையையும் ஒருமுறை மாற்றிப் புதிய நெடுவரிசையில் சேமியுங்கள். வினவலுக்குள் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் (ஆயமுறையை மாற்றும் செயற்கூறு) எழுதினால் பழைய நெடுவரிசையின் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது. புதியதில் ஜிஸ்ட் என்ற இடஞ்சார் இண்டெக்ஸ் போட்டு, தரவுத்தளம் புள்ளிவிவரம் சேகரிக்க அனலைஸ் ஓட்டுங்கள். பஃபரை விட்டுவிட்டு, குறித்த தூரத்துக்குள் உள்ளதா என்று பார்க்கும் எஸ்டி_டிவிதின் எழுதுங்கள், அது இண்டெக்ஸைத் தொடும்.

மலைத்தடம்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. மலைப்பாதை முழுவதும் ஒரே கோடாக இருந்தால் இண்டெக்ஸ் அதைச் சுற்றி வைத்திருக்கும் செவ்வகக் கட்டம் மலைச்சரிவு முழுவதையும் மூடிவிடும். இண்டெக்ஸ் அதிகம் வடிகட்டாது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலைகளில் இதுதான் பெரிய தொல்லை. எஸ்டி_சப்டிவைட் கொண்டு, துண்டுக்கு அதிகபட்சம் 64 முனைகள் வரும்படி நறுக்குங்கள். அப்போது ஒரே புள்ளி இரண்டு துண்டுகளுக்கும் பொருந்தி இருமுறை வரும். அட்டவணைகளை இணைக்கும் ஜாயினுக்குப் பதில், பொருந்தும் துண்டு ஒன்றாவது உண்டா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் எழுதினால் தீரும்.

குன்னூர்_வரைபடம்:
நன்றி. சரிவுக் கோணத்தையும் எஸ்ஆர்டிஎம் என்ற நிலஉயரத் தரவிலிருந்து எடுக்கப் போகிறேன்.

கோத்தகிரி_நிரல்:
அந்த ராஸ்டரையும் (கட்டம் கட்டமான தரவு) முதலில் 32643-க்கு, பைலீனியர் முறையில் (அண்டைக் கட்டங்களின் சராசரியைக் கொண்டு) மாற்றுங்கள். உயரம் மீட்டரிலும் கட்டம் டிகிரியிலும் இருந்தால் எல்லாச் சரிவும் 90 டிகிரியை ஒட்டி வரும்.