மணமாலைக்கு ஒவ்வாமை தராத பூக்கள்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் மதுரையில் எனக்குத் திருமணம். சாமந்தி, துலுக்கச் சாமந்தி, மரிக்கொழுந்து ஆகிய மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதாலும், அக்குடும்பத்தின் மகரந்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தோல் பரிசோதனையில் தெரிந்திருப்பதாலும், அவற்றை மாலையிலும் மணவறையிலும் தவிர்க்க முடிவு செய்துவிட்டோம்.

சிக்கல் மல்லிகையிலும் சம்பங்கியிலும்தான் இருக்கிறது. இவற்றில் மகரந்தத்தைவிட மணமே எனக்குத் தொல்லை தருகிறது. ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்த சற்று நேரத்திலேயே மூக்கடைத்துக் கண்ணில் நீர் வழியத் தொடங்கிவிடும். மதுரைப் பெண் மல்லிகை வைக்காமல் மணவறையில் உட்காருவதா என்று அத்தை கேட்பது நியாயம்தான் என்றாலும், தாலி ஏறும் நேரத்தில் நான் தும்மினால் அபசகுனம் என்று முதலில் கோபித்துக்கொள்பவரும் அவராகத்தான் இருப்பார். தை மாதத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிவிடும் என்பது மட்டுமே இப்போதைக்கு என் பக்கம் உள்ள வாதம்.

சடைக்கு வாசனையற்ற கனகாம்பரத்தையும், மாலைக்குப் பன்னீர் ரோஜாவை விடுத்து மணம் குறைந்த ஓசூர் ரோஜாவுடன் வாடாமல்லியையும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இவ்வாறு கட்டிய மாலை முகூர்த்தம் முடியும்வரை வாடாமல் நிற்குமா? கட்டி முடித்ததும் பன்னீரோ வாசனைத் திரவியமோ தெளிக்காமல் தரும்படி மாலை கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் இருந்தால், அவர்கள் அதற்கு இணங்கினார்களா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இத்தகைய மாலைக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும் என்று அறிந்தவர்களும் உதவுங்கள்.