பக்ரீத் கறி கெட்டுப்போனது: வீட்டுக்கு நம்பகமான ஃபிரீசர் எது?

ஜாம்பஜார் குடும்பத்தலைவி

வணக்கம். திருவல்லிக்கேணியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வீட்டில் ஏழு பேர். 2025 ஜூன் 7 பக்ரீத் அன்று பங்கு பிரித்துக் கொடுத்ததுபோக எங்களுக்கு 14 கிலோ ஆட்டுக்கறி நின்றது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் அறையில் பைகளோடு திணித்து வைத்தேன். நான்காம் நாள் ஒரு பையை எடுத்து உடைத்தால் வெளியே கல், நடுவில் பச்சை பூத்த நிறம், குடலைப் பிரட்டும் நாற்றம். குர்பானிக் கறியைக் குப்பையில் கொட்டிய வருத்தம் இன்னும் அரிக்கிறது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பழுது பார்க்க வந்தவர் காஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிவிட்டு 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த பக்ரீத் 2026 மே கடைசியில், கத்திரி வெயிலிலேயே வருகிறது. அதற்குள் தனியாக ஒரு ஃபிரீசர் வாங்க வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். நிற்கும் வகையா, பெட்டி வகையா? எந்த நிறுவனம்?

பழைய மெக்கானிக்

சகோதரி, நிறுவனத்தைப் பிறகு பார்ப்போம். கறி அறுத்து எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போனது? ஒரு பையில் எத்தனை கிலோ? பைகளுக்குப் பின்னால் காற்று வரும் துளைகள் மறைந்திருந்தனவா?

ஜாம்பஜார் குடும்பத்தலைவி

காலை பத்து மணிக்கு அறுத்தார்கள், பன்னிரண்டுக்கு உள்ளே வைத்துவிட்டேன். சூடு இன்னும் இருந்தது. மூன்று பை, ஒவ்வொன்றிலும் நான்கைந்து கிலோ. துளைகளா? பின்சுவர் தெரியாத அளவுக்கு அடைத்திருந்தேன் ஐயா.

பழைய மெக்கானிக்

அப்படியானால் உங்கள் ஃபிரிட்ஜ் மீது குற்றமில்லை. 3,200 ரூபாயும் வீண் என்றுதான் நினைக்கிறேன். காஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் கறியின் வெளிப்புறம் கல்லாகியிருக்காது.

ஃபிரீசரின் முதல் வேலை, குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாகவே காப்பது. ஐந்து கிலோ சூடான கறியை ஒரே உருண்டையாகத் தந்தால் வெளிப்புறம் உறைந்துவிடும், ஆனால் இறைச்சி வழியாக வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும். நடுப்பகுதி வெகுநேரம் 5 பாகைக்கு மேல் கிடக்கும். கிருமிகளுக்கு அதுதான் விருந்து. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில், அதாவது பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகையில், விசிறிதான் குளிரைச் சுற்றுக்கு விடுகிறது. துளையை அடைத்தால் அதுவும் போயிற்று.

பெட்டி ஃபிரீசர் வாங்கினாலும் இதே தவறு நடக்கும். 100 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து கிலோ வரைதான் புதிதாகப் போடலாம். 200 லிட்டர் என்றால் எட்டுக் கிலோவோடு நிறுத்துங்கள். கறியை முதலில் தட்டுகளில் பரப்பி ஃபிரிட்ஜின் கீழ் அறையில் ஓர் இரவு வையுங்கள். அறுத்த சூட்டோடு உறையவைத்தால் சதை இறுகி, எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்போல இருக்கும். இது கறிக்கடைக்காரர்களுக்குத் தெரியும். மறுநாள் ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவை ஒரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, விரல் கனத்துக்குத் தட்டையாக்குங்கள். தேதியை எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு புத்தகம்போல நிறுத்தி அடுக்கலாம்.

இனி ஃபிரீசர். உங்களுக்கு மேல்மூடி வைத்த பெட்டி வகை, டைரக்ட் கூல் (விசிறி இல்லாதது), 200 லிட்டர் போதும். குளிர்ந்த காற்று கனமானது. மூடியைத் திறந்தாலும் கீழேயே கிடக்கும். நிற்கும் வகையில் கதவைத் திறந்தவுடன் காலடியில் கொட்டிவிடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பனியைக் கரைக்க அவ்வப்போது ஹீட்டர் ஓடும். அந்த ஏற்ற இறக்கமும் விசிறிக் காற்றும் சேர்ந்து, சரியாகக் கட்டாத கறியை உலர்த்தி வெள்ளைத் திட்டு விழச் செய்யும். கெட்டதாகாது, ருசி போய்விடும். பெட்டி வகையில் பனியை நீங்கள்தான் கரைக்க வேண்டும். அப்போது கத்தியால் குத்தாதீர்கள். உட்சுவரை ஒட்டியே காஸ் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் ஃபிரீசரே பழைய இரும்பாகிவிடும். என் காலத்தில் அப்படிப் பார்த்தவை கொஞ்சமல்ல.

காசிமேடு மாலை

மீனுக்கும் ஒரு வார்த்தை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்கள் மூன்று மாதம் தாண்டினால் சிக்கு வாடை அடிக்கும். வஞ்சிரத் துண்டுகளை உறைந்த பிறகு ஒருமுறை குளிர்ந்த நீரில் முக்கி மறுபடி வைத்தால் மேலே கண்ணாடிபோலப் பனித்தோல் பிடிக்கும், உலராது. கறியும் மீனும் ஒரே கூடையில் வேண்டாம்.

மொட்டை மாடி

நான் பால்கனியில் வைத்துச் சூடுபட்டவன். கடற்காற்றில் இரண்டே ஆண்டில் அடித்தகடு துருப்பிடித்துத் துளை விழுந்தது. வீட்டுக்குள் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு. ஃபிரீசரின் பக்கச் சுவர்கள் தொட்டால் சுடும். பயந்துபோய் நிறுவனத்துக்கு போன் செய்யாதீர்கள் (நான் செய்தேன்). உள்வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

பெயர்ப்பலகையில் காலநிலை வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘என்’ என்றால் 32 பாகை வரை, ‘எஸ்டி’ என்றால் 38, ‘டி’ என்றால் 43. சென்னை மே மாதத்துக்கு ‘டி’ தவிர எதுவும் உதவாது.

மின்கட்டணத்தையும் பாருங்கள். லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதை ஆறால் வகுத்தால் உங்கள் இரண்டு மாதக் கணக்கு. 420 என்றால் 70 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் வருகிற வீடாக இருந்தால் 500-ஐத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் முன்பு சலுகையில் வந்த யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

வேளச்சேரி தரைத்தளம்

மின்வெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பெட்டி ஃபிரீசரை மெத்தையால் போர்த்திவிட்டு மூடியைத் தொடவே இல்லை. 40 மணி நேரம் கழித்துத் திறந்தபோது அடியில் எல்லாம் கல், மேல்வரிசை மட்டும் லேசாக இளகியிருந்தது. பனித்துகள் இன்னும் ஒட்டியிருந்ததால் அதை அன்றே சமைத்துவிட்டோம். நிறைந்த பெட்டி 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெற்றிடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைப்பது அதற்குத்தான்.

ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பழைய மெக்கானிக்

நல்ல யோசனை. மின்சாரம் போய் உடனே திரும்பினால் கம்ப்ரசர் திணறும். மூன்று நிமிடம் தாமதித்து இயக்கும் ஸ்டெபிலைசராக வாங்குங்கள். இன்னொன்று: கன்வர்டிபிள் என்று விற்பவற்றில் ஃபிரீசர், கூலர் என இரண்டு நிலை மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அது கீழே, குழந்தையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். கூலரில் விழுந்தால் வெறும் குளிர்பானப் பெட்டிதான்.

நிறுவனம் கேட்டீர்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் பகுதிக்கு மெக்கானிக் எங்கிருந்து வருகிறார், எத்தனை நாளில்? பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். மைனஸ் 18 காட்டுகிறதா என்று நீங்களே பார்த்துவிட்டால் காஸ் குறைந்திருக்கிறது என்று யாரும் கதை சொல்ல முடியாது.

ஜாம்பஜார் குடும்பத்தலைவி

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வாங்கியாயிற்று: 200 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ‘டி’ வகுப்பு, ஸ்டெபிலைசரோடு சேர்த்து 24,000-க்குள் முடிந்தது. மாடிப்படித் திருப்பத்தில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. வாங்கப்போகிறவர்கள் படிக்கட்டை அளந்துவிட்டுப் போங்கள். மேலே இருந்த அலமாரியில் மூடி இடித்ததால் அலமாரியையும் கழற்ற வேண்டியதாயிற்று.

ஒரு நாள் காலியாக ஓடவிட்டேன். தெர்மாமீட்டர் மைனஸ் 19. பிறகு ஜாம்பஜாரில் நான்கு கிலோ வாங்கி, ஐயா சொன்னபடி ஓர் இரவு கீழ் அறையில் வைத்துத் தட்டையாகக் கட்டி வைத்தேன். இன்று ஒரு பையை எடுத்துக் குருமா வைத்தாயிற்று. மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆட்டுக்காலைச் சுட்டுச் சுத்தம் செய்தபின் வைப்பதா, அப்படியே வைப்பதா?

பழைய மெக்கானிக்

சுட்டு, கழுவி, ஈரம் துடைத்து. அப்படியே வைத்தால் முடி வாடை பெட்டி முழுவதும் ஏறிவிடும்.