கடன் கொடுத்த வங்கியிடமே முறையிட முடியுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்து வாசகர்

எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு வழியாக, வெளிநாட்டு அபிவிருத்தி வங்கியொன்றின் கடனில் வீதி அகலிக்கப்படுகிறது. மண்மேட்டை வெட்டியதிலிருந்து மழைத்தண்ணீர் முழுவதும் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்பக்கமாக இறங்குவதால், நாங்களே கட்டிக்கொண்ட குசினிகளின் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் தோட்ட நிர்வாகத்தைக் கேட்கச் சொல்கிறார்; நிர்வாகமோ வீதிக்காரர்களைக் கைகாட்டுகிறது. காணி உறுதி இல்லாதவர்களுக்கு நட்டஈடு கிடையாது என்றும் சொல்கிறார்கள். வங்கியிடம் நேரடியாக, அதுவும் தமிழில், முறையிடலாமா?

பதில் 1: ஹட்டன் வாசகர்

முறையிடலாம். ஆனால் எந்த வங்கி என்பதை வேலைத்தள அறிவித்தல் பலகையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வழிமுறை வங்கிக்கு வங்கி மாறும். நர்மதை அணைக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து உலக வங்கி, பாதிக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகளை ஆராய 1993இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கிக்கு 2003இல் உருவாக்கப்பட்டு 2012இல் திருத்தப்பட்ட பொறுப்புக்கூறல் பொறிமுறை, அதாவது பாதிக்கப்பட்டவர்கள் முறையிடும் வழி, இருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இருவர் சேர்ந்து எழுத வேண்டும், தமிழில் எழுதலாம், கடன் பணம் வழங்குவது முடிவுறும் திகதிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. முறையிடுவதற்கு முன்னர், திட்டத்தை நடத்தும் வங்கிப் பிரிவிடம் நீங்கள் முயன்று பார்த்திருக்க வேண்டும். ஆகவே இனி வாய்ப்பேச்சு வேண்டாம். ஒவ்வொரு முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியிட்ட கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறுதி பற்றிச் சொல்லப்பட்டது அரைகுறை உண்மைதான். அவ்வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கைப்படி (2026 முதல் புதிய திட்டங்களுக்கு வேறு கொள்கை வந்துவிட்டது), உறுதி இல்லாதவர் காணிக்கு நட்டஈடு கேட்க முடியாவிட்டாலும், திட்டத்தால் இழக்கும் கட்டடத்துக்கும் பயிருக்கும் கேட்கலாம். லயம் கம்பனியுடையதாக இருக்கலாம். குசினியும் மரக்கறிப் பாத்தியும் உங்களுடையவை.

பதில் 2: பதுளை வாசகர்

மேலே சொன்னதோடு ஒன்று. அதே வங்கியில் இரண்டு வாசல்கள் உள்ளன: ஒன்று பேசித் தீர்க்கும் வழி, மற்றது வங்கி தன் கொள்கையை மீறியதா என்று ஆராயும் வழி. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையால் பாதிக்கப்பட்டவர்கள் 2004இல் இரண்டாம் வழியை நாடினார்கள். மீறல்கள் இருந்ததாக 2005இல் அறிக்கை வந்தது, பரிந்துரைகளும் வந்தன. ஆயினும் இவ்வழியில் ஆராயும் வங்கிக் குழு நட்டஈடு கட்டளையிடும் நீதிமன்றம் அல்ல. வடிகானும் சுவரும்தான் உங்கள் தேவையென்றால் முதல் வாசலைத் தட்டுவதே புத்தி என்பது என் எண்ணம்.

பதில் 3: நுவரெலியா வாசகர்

கம்பனியின் லயத்தில் குடியிருந்துகொண்டு பெயர் போட்டு எழுதப் பலர் தயங்குவார்கள். மொட்டைக் கடிதத்தை ஏற்கமாட்டார்கள்; ஆனால் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டால் இரகசியம் காப்பார்கள். அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.