70 செ.மீ. ஜம்பிங் (குதிரையேறித் தடை தாண்டும் போட்டி): வார்ம்-அப்பிலேயே குதிரை பாய்கிறது, பிள்ளை பதறுகிறாள். என்ன மாற்றலாம்?

சேணக்கொட்டகை:
மாணவிக்கு 14 வயது. குதிரை 11 வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), ரேஸிலிருந்து வந்தது. பயிற்சியில் 80 செ.மீ. சுத்தமாகத் தாண்டுகிறார்கள். போட்டியன்று 5 நிமிட நடை, டிராட் (துள்ளுநடை) ஒரு சுற்று, கேன்டர் (மிதமான ஓட்டம்) ஒரு சுற்று, பிறகு 14, 15 தாண்டல். முதல் நாலைந்து பிரமாதம். அப்புறம் தடைக்கு மூன்று ஸ்டிரைட் (எட்டு) முன்பே குதிரை பாய்கிறது, இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு லகானை இழுக்கிறாள், கம்பி விழுகிறது. பயம் தெளியட்டும் என்று இன்னும் நாலு தாண்டவைத்தால் மோசமாகிறது. குதிரை வாயில் இப்போது இருக்கும் மென்மையான பிட்டான (கடிவாள இரும்பு) ஸ்னாஃபிளுக்குப் பதில், நெம்புகோல்போல் அழுத்தும் பெல்ஹாம் போடலாமா?

லாடம்:
பெல்ஹாம் வேண்டாம் தம்பி. ரேஸில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அதன்மேல் சாய்ந்து ஓடும். அந்தப் பழக்கம் லேசில் போகாது. பிள்ளை இழுக்க இழுக்க, ‘ஓடு’ என்றுதான் அதற்குக் கேட்கிறது. கடுமையான பிட் போட்டு, தாண்டும்போது கை கழுத்தோடு முன்னே போகாவிட்டால் வாயில் அடி விழும். அடுத்த தடையில் குதிரை நின்றுவிடும்.

தாண்டல் 6 முதல் 8 போதும். நேரத்தைத் தரையில் செலவழியுங்கள். நீண்ட லகானில் 10 நிமிட நடை. அது முடிந்ததும் கர்த்தை, அதாவது சேணத்தின் வயிற்றுப்பட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு துளை தளர்ந்திருக்கும். பிறகு 20 மீட்டர் வட்டத்தில் இரு பக்கமும் டிராட், நடை, மறுபடி டிராட் என்று மாற்றி மாற்றி. வேகம் குறைக்கும்போது அவள் முதுகை நிமிர்த்தி மூச்சை விட வேண்டும், கை கடைசியில்தான். இதற்குக் குதிரை இணங்காவிட்டால் தடைப்பக்கமே போகாதீர்கள். கேன்டர் டூ-பாயின்டில் (இருக்கையிலிருந்து சற்று எழும்பி முன்சாய்ந்த நிலை) பக்கத்துக்கு இரண்டு சுற்று, 2 நிமிடம் நடை.

அதன்பின் கிராஸ் (இரு கம்பியை X போல் வைத்த சிறு தடை), டிராட்டில் இரண்டு முறை. ஸ்டூவர்டு (வார்ம்-அப்பைக் கண்காணிக்கும் அதிகாரி) அனுமதித்தால் கிராஸுக்கு 2.7 மீட்டர் முன்னால் தரையில் ஒரு கம்பி போடுங்கள், பாய்ச்சல் அங்கேயே அடங்கும். கேன்டரில் 50, 60 செ.மீ. வெர்டிகல் (நேராக நிற்கும் ஒற்றைத் தடை) ஒவ்வொன்று. ஆக்ஸர் (முன்னும் பின்னும் கம்பி உள்ள அகலத் தடை) 60, 70 ஒவ்வொன்று. கடைசியில் 70 வெர்டிகல் ஒன்று. நன்றாக வந்ததும் நிறுத்திவிடுங்கள், ‘இன்னொன்று’ என்ற ஆசைதான் கெடுக்கும்.

கழுத்துப்பட்டி:
பிள்ளைக்கு: குதிரை கழுத்தில் பழைய ஸ்டிரப் லெதர் (கால்மிதி வளையத்தின் தோல்வார்) ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். கடைசி மூன்று ஸ்டிரைடில் ஒரு கையின் இரண்டு விரல் அதைப் பிடிக்கட்டும், லகான் பின்னால் வராது. மூலை திரும்பியதிலிருந்து ‘ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு’ என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வாய் பேசினால் மூச்சை அடக்க முடியாது. நீங்களும் ஒரு தாண்டலுக்கு ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். ‘பயப்படாதே’ என்பது அந்தச் சொல் அல்ல.

சேணக்கொட்டகை:
நன்றி அண்ணா, அக்கா. வார்ம்-அப் வளையத்தில் கூட்டம் அதிகம். எப்போது உள்ளே போவது?

லாடம்:
70 செ.மீ. வகுப்பில் ஒரு குதிரைக்கு ஏறக்குறைய 2 நிமிடம். உங்களுக்கு முன் 15 குதிரை இருக்கும்போது ஏறச் சொல்லுங்கள். 6 இருக்கும்போது முதல் கிராஸ், 2 இருக்கும்போது கடைசித் தடை. பிறகு நிற்காமல் நடை. வெயில் ஏறிவிட்டால் டிராட்டைப் பாதியாக்கி நிழலில் நடத்துங்கள். எதிரே வருபவரை இடது தோளுக்கு இடது தோளாகக் கடக்கட்டும். தாண்டும்போது தடையின் சிவப்புக் கொடி வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். போட்டித் திடலுக்குள் மணி அடித்தபின் தொடக்கக் கோட்டைத் தாண்ட 45 விநாடி இருக்கிறது, ஒரு வட்டம் கேன்டர் செய்துவிட்டுப் போகலாம். மணி கேட்டதும் பறப்பதால்தான் முதல் தடையே விழுகிறது.

கழுத்துப்பட்டி:
ஒன்று விட்டுப்போயிற்று. தடையின் அடியில் கிடக்கும் தரைக்கம்பி (2.7 மீட்டரில் போடுவது வேறு) குதிரை எழும்பும் பக்கத்தில், தடைக்கு ஒரு சாண் முன்னால் கிடக்க வேண்டும். உயரத்தை மாற்றும் அவசரத்தில் யாராவது அதைப் பின்பக்கம் உருட்டிவிடுவார்கள். குதிரை அந்தக் கம்பியைப் பார்த்துத் தூரத்தை அளப்பதால் நெருங்கிப்போய் எழும்பி முன்காலால் தட்டும். ஆக்ஸரில் முன்கம்பி பின்கம்பியைவிட ஒரு துளை தாழ்ந்திருக்கிறதா, அதையும் குனிந்து பார்த்துவிட்டே அவளைக் கூப்பிடுங்கள்.